ப்ரவுசர் வழிமறிக்கிறதா? அந்தச் சின்ன எழுத்து வரியைப் படியுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு தளத்தைத் திறக்கப் போனால் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது, உள்ளே விடமாட்டேன் என்கிறது, என்ன செய்வது? அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் ஒன்று. பலரும் 'எர்ரர் வருகிறது' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவர்கள்கூட மேலே இருக்கும் சிவப்பு முக்கோணத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். கோளாறு என்ன என்பது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரியில்தான் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 'அட்வான்ஸ்டு' பொத்தானை அழுத்தினால் அது தெரியும். அந்த வரி கிடைத்தால் பாதி பதில் கிடைத்த மாதிரி. மீதிப் பாதிக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எல்லாத் தளத்திலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா? வேறு போனிலோ வேறு நெட்டிலோ திறந்தாலும் வருகிறதா? கீழே உள்ள பதில்களில் நான் திரும்பத் திரும்பச் செய்வதும் இதைத்தான்.

கேள்வி: அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைப் பல மாதங்கள் கழித்து எடுத்து ஆன் செய்தோம். எந்தத் தளமும் திறக்கவில்லை. தேடுபொறி, மெயில், செய்தித் தளம் எல்லாவற்றிலும் அதே எச்சரிக்கை. கீழே 'செர்ட் டேட் இன்வாலிட்' என்று இருக்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதா?

பதில்: வைரஸாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. திரையின் மூலையில் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் மணியும் நிமிடமும் ஏறக்குறைய சரியாக இருந்து ஆண்டு மட்டும் எங்கோ பின்னால் கிடப்பதுண்டு, அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஒவ்வொரு தளமும் 'நான்தான் இந்தப் பெயருக்கு உரியவன்' என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். ப்ரவுசர் அதைச் சரிபார்க்க உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைத்தான் நம்புகிறது. கடிகாரம் 2015 என்று சொன்னால், போன மாதம் கொடுத்த சான்றிதழ் ப்ரவுசரின் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. ஒரே நேரத்தில் எல்லாத் தளமும் கெட்டுப்போக வழியில்லை, அதனால் எல்லாவற்றிலும் எச்சரிக்கை வந்தால் கோளாறு உங்கள் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் க்ரோமே 'உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

தேதியை முதலில் கையாலேயே சரிசெய்யுங்கள், அப்புறம் நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம், தேதி ரொம்பத் தள்ளி இருந்தால் விண்டோஸ் சில நேரம் தானாகத் திருத்த மறுத்துவிடும். டைம் ஸோனையும் பாருங்கள். சான்றிதழில் இருப்பது உலகப் பொது நேரம். ஸோன் தப்பாக இருந்து, நீங்கள் மணியை மட்டும் நகர்த்திச் சரிக்கட்டி வைத்திருந்தால், கண்ணுக்குக் கடிகாரம் சரி, உள்ளே சில மணி நேரம் தப்பு, அன்றைக்குப் புதிதாகச் சான்றிதழ் மாற்றிய தளங்கள் மட்டும் திறக்காது. கண்டுபிடிக்க ரொம்ப நேரம் எடுக்கும் கோளாறு அது.

மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி ஆன் செய்தால் தேதி திரும்பவும் பின்னால் போகிறதா? அப்படியென்றால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகை. அதை மாற்றினால் போதும், கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டாம்.

கேள்வி: நான் தினமும் படிக்கும் ஒரே ஒரு தளத்தில் நேற்றிலிருந்து தேதி எர்ரர். மற்றதெல்லாம் நன்றாகத் திறக்கிறது. 'அட்வான்ஸ்டு' அழுத்தினால் தொடர்ந்து போக ஒரு லிங்க் இருக்கிறது. வேறு சில தளங்களில் இப்படி வந்தபோது அந்த லிங்கே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? போகலாமா?

பதில்: ஒரு தளத்தில் மட்டும், அதுவும் தேதி எர்ரர் என்றால், பெரும்பாலும் அந்தத் தளத்தை நடத்துபவர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டார். போன் டேட்டாவிலும் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே எர்ரர் என்றால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தெரிவிப்பதைத் தவிர. தெரிவியுங்கள், பல நேரம் அவர்களுக்கே தெரிந்திருக்காது.

லிங்க் இல்லாத தளங்கள், 'என்னிடம் பாதுகாப்பான இணைப்பில் மட்டும் வா, அதில் கோளாறு இருந்தால் யாரையும் உள்ளே விடாதே' என்று ப்ரவுசரிடம் முன்பே சொல்லி வைத்தவை. எச்.எஸ்.டி.எஸ். என்று பெயர், 2012-ல் தரமாக்கப்பட்ட ஏற்பாடு. அங்கே குறுக்கு வழி தேடாதீர்கள். லிங்க் இருக்கும் தளத்தில் போகலாமா என்றால், என் பதில் இது: பொதுவாக எல்லாரும் படிக்கும் ஒரு கட்டுரையை மட்டும் படிக்க வேண்டும், எதையும் டைப் செய்யப் போவதில்லை, டவுன்லோடும் செய்யப் போவதில்லை, ஏற்கெனவே லாகின் ஆகியும் இல்லை, சான்றிதழைத் திறந்து பார்த்தால் முந்தாநாள் காலாவதி என்று இருக்கிறது, அப்படியென்றால் போவது உங்கள் விருப்பம். பாஸ்வேர்டு, கார்டு எண், ஓ.டி.பி. எதையாவது போட வேண்டிய தளம் என்றால் கூடவே கூடாது. ஒரு நாள் காத்திருங்கள்.

இந்த மறதி அதிகமாகுமா குறையுமா என்றும் யோசித்துப் பார்த்தேன். 2020 செப்டம்பரிலிருந்து ஒரு சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 398 நாள் என்று இருந்தது. 2026 மார்ச் 15 முதல் கொடுப்பவற்றுக்கு 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். சான்றிதழ் நிறுவனங்களும் ப்ரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த அமைப்பு 2025-ல் எடுத்த முடிவு. கையால் புதுப்பித்துக் காலம் தள்ளும் தளங்கள் இதில் திணறத்தான் போகின்றன. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்தவர்களுக்குக் கவலையில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு 6 போன். தேதி, நேரம் எல்லாம் சரி. ஆனாலும் பல தளங்களில் 'செர்ட் அத்தாரிட்டி இன்வாலிட்' வருகிறது. அதே தளங்கள் தம்பியின் போனில் திறக்கின்றன. போனைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். நல்ல வேளை, அந்த வரியைச் சரியாக எழுதி அனுப்பினீர்கள்.

தளத்தின் சான்றிதழை ஒரு நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுக்கிறது. அந்த நிறுவனம் நம்பகமானதுதானா என்று பார்க்க, போனுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது, ரூட் சான்றிதழ்கள் என்று சொல்வார்கள். உங்கள் போன் தயாரான காலத்தில் போட்ட பட்டியல் அது. அதற்குப் பிறகு சேர்ந்த நிறுவனங்களை அதற்குத் தெரியாது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015-லிருந்து இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது, இணையத்தில் ஏராளமான தளங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதன் சொந்த ரூட், ஆண்ட்ராய்டு 7.1.1-லிருந்துதான் பட்டியலில் உண்டு. அதுவரை, பழைய போன்களுக்குத் தெரிந்த இன்னொரு நிறுவனத்தின் ரூட்டில் கையெழுத்து வாங்கிச் சமாளித்தார்கள். அந்த ரூட் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. அன்றைக்குப் பழைய கருவிகள் பலவற்றில் தளங்கள் திறக்காமல் போயின. ஆண்ட்ராய்டு மட்டும் தப்பித்தது, ஏனென்றால் அது ரூட்டின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை, அதை வைத்தே பழைய போன்களுக்காக இன்னும் 3 ஆண்டு நீட்டினார்கள். அந்த ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. உங்கள் போனில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சரி, என்ன செய்யலாம்? ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பாருங்கள். அது போனின் பட்டியலை நம்பாமல் தன் பட்டியலைத் தானே கொண்டுவருகிறது, அதனால் ஸ்டோரில் உங்கள் போனுக்குக் கிடைக்கும் பதிப்பிலேயே அந்தத் தளங்கள் திறக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் மற்ற ஆப்கள் போனின் பட்டியலைத்தான் பார்க்கும், அவற்றில் சில வேலை செய்யாமலே இருக்கலாம். யாராவது 'இந்த ரூட் சான்றிதழை டவுன்லோட் செய்து போனில் போடு, சரியாகிவிடும்' என்று லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். ரூட் சான்றிதழைப் போடுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பது மாதிரி, கொடுத்தவர் இனி எந்தத் தளத்தின் பெயரிலும் உங்களிடம் வந்து நிற்க முடியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எத்தனையோ ஆண்டாகப் பாதுகாப்பு அப்டேட் வராத போன் அது. படிக்கவும் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள், பணம் சம்பந்தமான எதையும் அதில் செய்யாதீர்கள்.

கேள்வி: பயணத்தில் எங்கே இலவச வைஃபை கிடைத்தாலும் சேர்ந்துகொள்வேன். சேர்ந்தவுடன் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் எர்ரர். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது, சில இடங்களில் சரியாவதே இல்லை.

பதில்: அந்த வைஃபைக்கு ஒரு லாகின் பக்கம் இருக்கும். நீங்கள் அதில் சம்மதம் கொடுக்கும் வரை, நீங்கள் எந்தத் தளத்தைக் கேட்டாலும் நடுவில் புகுந்து தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். பாதுகாப்பான தளத்துக்கு நடுவில் யார் புகுந்தாலும் ப்ரவுசர் கத்தும், கத்த வேண்டும், அதுதான் அதன் வேலை. அதனால் அந்த நேரத்தில் மெயிலையோ வங்கியையோ திறக்க முயற்சி செய்யாமல், எச்.டி.டி.பி.எஸ். (அதாவது பாதுகாப்பான இணைப்பு) இல்லாத ஒரு தளத்தைத் திறங்கள். இதற்கென்றே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒன்று இருக்கிறது. லாகின் பக்கம் வந்துவிடும், முடித்துவிட்டால் எர்ரர் போய்விடும். லாகின் முடிந்த பிறகும் எர்ரர் வந்துகொண்டே இருந்தால், அந்த வைஃபையை விட்டு விலகிவிடுங்கள்.

கேள்வி: எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை வந்து தொல்லையாக இருந்தது. ஒரு வீடியோவில் சொன்னபடி க்ரோம் ஷார்ட்கட்டின் பின்னால் 'இக்னோர் சர்டிபிகேட் எர்ரர்ஸ்' என்ற வரியைச் சேர்த்தேன். இப்போது ஒரு எச்சரிக்கையும் இல்லை, வேகமாகத் திறக்கிறது. மேலே மட்டும் ஏதோ மஞ்சள் பட்டை வருகிறது. அதை எப்படி நீக்குவது?

பதில்: மஞ்சள் பட்டையை விடுங்கள், முதலில் அந்த வரியை நீக்குங்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே செய்துவிடுங்கள். செய்த பிறகு, அந்த நாட்களில் லாகின் செய்த முக்கியமான தளங்களின் பாஸ்வேர்டை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றுங்கள்.

கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொல்கிறேன். அந்த வரி தளங்களைப் பரிசோதிக்கும் மென்பொருள்காரர்களுக்காக வைத்தது. அதைப் போட்டால் சான்றிதழ் போலியா அசலா என்று ப்ரவுசர் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது, கோளாறு அப்படியே இருக்க, அதைச் சொல்லும் வாயை மட்டும் கட்டிவிடுகிறீர்கள்.

2011-ல் நடந்ததைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்று ஒரு சான்றிதழ் நிறுவனம். அதன் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து, கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களைத் தயாரித்துக்கொண்டார்கள். கூகுள் பெயரில் இருந்த போலியை வைத்து ஈரானில் மக்களின் மெயிலை நடுவிலிருந்து பார்த்தார்கள். அந்தச் சான்றிதழில் கையெழுத்து முறையாக இருந்ததால் மற்ற ப்ரவுசர்கள் ஏற்றுக்கொண்டன. க்ரோமுக்கு மட்டும் கூகுள் தளங்களுக்கு எந்தெந்த நிறுவனம் கையெழுத்திடலாம் என்று தனியாகத் தெரியும், அதனால் அது எச்சரித்தது. அங்கே இருந்த ஒருவர் அந்த எச்சரிக்கையைப் பார்த்து, தள்ளிவிட்டுப் போகாமல், இது என்ன என்று ஆகஸ்ட் மாதம் வெளியே கேட்டார். அதிலிருந்துதான் எல்லாம் அம்பலமானது. ப்ரவுசர்கள் எல்லாம் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின, அடுத்த மாதமே அது திவாலானது. அவர் அன்றைக்கு உங்களைப் போல அந்த வரியைப் போட்டிருந்தால் அவர் கண்ணில் எதுவும் பட்டிருக்காது.

இப்போது உங்கள் அசல் கோளாறுக்கு வருவோம். எல்லாத் தளத்திலும் வந்தது என்கிறீர்கள். தேதியைப் பாருங்கள், சரியாக இருந்தால் சான்றிதழைத் திறந்து 'இஷ்யூட் பை' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்தி உள்ளே போனால் கிடைக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் அங்கே உங்கள் ஆன்டிவைரஸின் பெயரே வருகிறதா? அப்படியென்றால் அது எல்லா இணைப்பையும் நடுவில் பிரித்துப் பார்த்து, தன் சான்றிதழைப் போட்டு ஒட்டி அனுப்புகிறது. அதன் ரூட் சரியாகப் பதியாவிட்டால் எங்கும் எர்ரர்தான். ஆன்டிவைரஸ் செட்டிங்கில் எச்.டி.டி.பி.எஸ். ஸ்கேனிங் என்பதை மட்டும் ஆஃப் செய்யுங்கள், முழு ஆன்டிவைரஸையும் எடுக்க வேண்டாம். அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். அது அவர்கள் ஏற்பாடு, நீங்களாக எதையும் மாற்றாமல் அவர்களின் ஐ.டி. ஆட்களிடம் சொல்லுங்கள். ஆன்டிவைரஸும் இல்லை, அலுவலகமும் இல்லை, கேள்விப்படாத ஏதோ ஒரு பெயர் என்றால் மட்டும் உண்மையிலேயே கவலைப்பட வேண்டும். நெட்டைத் துண்டித்துவிட்டு, நீங்கள் நிறுவாத மென்பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: 'எஸ்எஸ்எல் புரோட்டோகால் எர்ரர்' என்று வந்தது. தேடியதில் கேஷ் அழி, குக்கி அழி, விண்டோஸில் 'க்ளியர் எஸ்எஸ்எல் ஸ்டேட்' அழுத்து, ப்ரவுசரை அழித்து மறுபடி போடு என்று நீளமான பட்டியல் கிடைத்தது. எல்லாம் செய்தும் பலனில்லை.

பதில்: அந்தப் பட்டியல் எல்லா எர்ரருக்கும் ஒரே மருந்து கொடுக்கிறது. இந்த எர்ரரில் சான்றிதழ் பார்க்கும் கட்டமே வரவில்லை, அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பேசத் தொடங்கும்போதே பேச்சு முறிந்துவிட்டது. குக்கியை அழித்தால் நீங்கள் எல்லா இடத்திலும் லாகவுட் ஆவதுதான் மிச்சம்.

போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து அதே தளத்தைத் திறங்கள். திறந்தால் கோளாறு உங்கள் வழக்கமான நெட்டில், அதாவது ரவுட்டரிலோ இணைப்பு கொடுப்பவரின் தடுப்பிலோ. திறக்கவில்லை என்றால் வி.பி.என்., ப்ராக்ஸி இருந்தால் நிறுத்துங்கள், அப்புறம் இன்காக்னிட்டோவில் பாருங்கள், அங்கே எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக ஓடாது. ஆன்டிவைரஸை மேலே சொன்னபடி பாருங்கள். தம்பி, தங்கை போனிலும் திறக்காவிட்டால் தளத்தின் சர்வர்தான் காரணம், விட்டுவிடுங்கள்.

இதற்குப் பக்கத்து வீட்டு எர்ரர் ஒன்று உண்டு, 'வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்'. அது பெரும்பாலும் வயசு வித்தியாசம். ப்ரவுசரும் தளமும் பாதுகாப்பாகப் பேசிக்கொள்ளும் முறைக்கு டி.எல்.எஸ். என்று பெயர். அதன் 1.0 பதிப்பு 1999-ல் வந்தது, 1.1 என்பது 2006-ல். 2020-ல் பெரிய ப்ரவுசர்கள் இரண்டையும் கைவிட்டன. தளம் இன்னும் அங்கேயே நின்றால் புது ப்ரவுசரில் திறக்காது, ப்ரவுசர் பழசாக இருந்து தளம் புதியதை மட்டும் பேசினாலும் திறக்காது. விண்டோஸ் 7-ல் க்ரோம் 109-வது பதிப்போடு நின்றுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் சிறு அமைப்புக்கு நானே ஒரு தளம் நடத்துகிறேன். என் கம்ப்யூட்டரில் அழகாகத் திறக்கிறது. சில உறுப்பினர்கள் தங்கள் போனில் எர்ரர் என்கிறார்கள். அவர்கள் போன்கள் புதியவை.

பதில்: உங்கள் சர்வர் நடுச் சான்றிதழை அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். ரூட் நிறுவனம் உங்கள் தளத்துக்கு நேரடியாகக் கையெழுத்திடுவதில்லை. நடுவில் இன்டர்மீடியட் என்று ஒன்று இருக்கும். உங்களுடையதோடு அதையும் சேர்த்து சர்வர் அனுப்ப வேண்டும். விட்டுப்போனால் சில ப்ரவுசர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது வேறு தளத்தில் பார்த்ததை நினைவில் வைத்திருக்கும், அதனால் உங்களுக்குத் திறக்கிறது. தேடாத ப்ரவுசர் 'யார் கொடுத்தது என்று தெரியவில்லை' என்று நின்றுவிடும். உங்கள் மெஷினில் திறப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எஸ்.எஸ்.எல். லேப்ஸ் என்ற இலவசச் சோதனைத் தளத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள், சங்கிலி முழுமையாக இல்லை என்றால் தெளிவாகச் சொல்லிவிடும். சர்வர் அமைப்பில் தனிச் சான்றிதழ் ஃபைலுக்குப் பதில் 'ஃபுல்செயின்' ஃபைலைக் காட்டினால் பெரும்பாலும் முடிந்தது.

கையோடு, மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும் இரண்டு விதமாகவும் தளத்தைத் திறந்து பாருங்கள். சான்றிதழில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் இன்னொன்றில் 'காமன் நேம் இன்வாலிட்' வரும். நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ் வாங்கியிருந்தாலும் அது ஒரு அடுக்குத் துணைப் பெயருக்குத்தான் செல்லும், அதற்கும் உள்ளே போகாது.

கேள்வி: க்ரோமில் பூட்டுச் சின்னத்தைக் காணோம். பாதுகாப்பு போய்விட்டதா?

பதில்: இல்லை. 2023 செப்டம்பரில் வந்த 117-வது பதிப்பில் கூகுளே அதை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. பூட்டு இருந்தால் தளம் நல்ல தளம் என்று நிறைய பேர் நம்பியதுதான் காரணம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் திருடரா என்று அதற்குத் தெரியாது, ஏமாற்றுத் தளங்களும் சான்றிதழ் வாங்கிக்கொள்கின்றன.

கேள்வி: வீட்டு ரவுட்டரின் செட்டிங் பக்கத்தை 192.168.1.1 என்று போட்டுத் திறந்தால் எச்சரிக்கை வருகிறது. ஹேக் ஆகிவிட்டதா?

பதில்: அந்தப் பக்கத்துக்கு எந்த நிறுவனமும் சான்றிதழ் கொடுக்காது, ஏனென்றால் அந்த எண் உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் பொது. அதனால் ரவுட்டர் தனக்குத் தானே கையெழுத்திட்டு வைத்துக்கொள்கிறது, ப்ரவுசருக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வீட்டு நெட்டில் இருந்துகொண்டு, எண்ணைக் கையால் டைப் செய்து போயிருந்தால் தாராளமாகத் தொடருங்கள். இன்று இந்தப் பகுதியில் நான் 'தொடருங்கள்' என்று தயங்காமல் சொல்வது இந்த ஒரு கேள்விக்குத்தான். உள்ளே போனதும் பழைய பாஸ்வேர்டே இருந்தால் மாற்றிவிட்டு வாருங்கள்.